சுண்டெலிக்கு முன்னால் போனவள்

என் கம்ப்யூட்டருக்குள் என் தம்பியின் குரல் இருக்கிறது. "அக்கா, புதுசு!" என்று அது கத்தினால், இதுவரை யாரும் எட்டிப் பார்க்காத ஒரு நட்சத்திரத்துக்கு நான் வந்து சேர்ந்திருக்கிறேன் என்று அர்த்தம். "அக்கா, உயிர் இருக்கு" என்றால் பக்கத்துக் கிரகத்தில் செடியோ பாசியோ ஏதோ முளைத்திருக்கிறது. "அக்கா, எரிபொருளைப் பாரு" என்பதை மட்டும் கொஞ்சம் எரிச்சலோடு பதிவு செய்திருந்தான். நிஜத்திலும் நான் அப்படித்தான், வண்டி நின்ற பிறகுதான் முள்ளைப் பார்ப்பேன்.

எல்லாம் விளையாட்டில்தான். கையில் ஒரு விண்கலம், வெளியே கோடிக்கணக்கான நட்சத்திரங்கள். ஒரு நட்சத்திரத்துக்குப் போய், அதன் கிரகங்களை அளந்து, அந்தத் தகவலை ஏதாவது ஒரு விண்நிலையத்தில் பத்திரமாகக் கொண்டுவந்து ஒப்படைத்தால், 'முதலில் கண்டவர்' என்று உங்கள் பெயர் அதன்மேல் ஏறும். ஏறினால் ஏறியதுதான், யாராலும் அழிக்க முடியாது. ஒப்படைக்கும் முன் கலம் நொறுங்கினால் அத்தனையும் போச்சு. ஐந்து வாரம் அலைந்தீர்களா, ஐந்து நிமிடம் அலைந்தீர்களா என்று யாரும் கேட்கமாட்டார்கள்.

மருந்துப் பாட்டில்களுக்கு லேபிள் அச்சடிக்கும் இடத்தில் எனக்கு வேலை. அச்சுக்குப் போகும் முன் எழுத்தைச் சரிபார்ப்பவள் நான். 'வெறும் வயிற்றில் சாப்பிடக் கூடாது' என்பதில் கடைசி வார்த்தை விழுந்துவிட்டால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். காலை ஆறு மணியிலிருந்து கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அதையே பார்த்துவிட்டு, மூன்று மணிக்கு வீட்டுக்கு வந்து விண்வெளிக்குப் போவேன். ஆரம்பத்தில் நட்சத்திரத்தின் பெயர், வெப்பம், கிரகங்கள் எத்தனை என்பதையெல்லாம் வீணாய்ப்போன லேபிள் தாள்களின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதி வைத்தேன். ஒரு செருப்புப் பெட்டி நிறைந்துவிட்டது. தம்பி அதைப் பார்த்துவிட்டுச் சிரிசிரியென்று சிரித்தான்.

"என்னக்கா இது, நட்சத்திரத்துக்கெல்லாம் மருந்துச் சீட்டு எழுதிக் குடுக்கிறியா?"

அடுத்த வாரமே ஒரு சின்ன புரோகிராமோடு வந்து நின்றான். விளையாட்டோடு ஒட்டிக்கொண்டு பக்கத்திலேயே ஓடும், பிளக்-இன் என்பார்கள். நான் பார்ப்பதையெல்லாம் அதுவே சேகரித்து, அதுவே ஒரு வரைபடத்தில் புள்ளி வைத்துவிடும். தம்பிக்குத் தொழில், தெருமுனை சிக்னல் விளக்குகளைப் பழுது பார்ப்பது. புரோகிராம் எழுதுவது ஆசைக்கு. பிளக்-இன்னுக்கு அவன் வைத்த பெயர் 'எடுபிடி'. "நீ பாட்டுக்கு ராணியாட்டம் பறந்துட்டு இரு. ஓடியாடி எடுத்து வைக்கிற வேலைய இது பார்த்துக்கும்" என்றான். இரண்டு வருஷம் எடுபிடிக்கு ஒரே ஒரு எஜமானிதான். பிறகு இன்னும் பத்தொன்பது பேர் அதை வாங்கிப் போட்டுக்கொண்டார்கள். அதில் எனக்கு வருத்தம் இல்லை. குரல் எனக்கு மட்டும்தானே. மற்றவர்களுக்கெல்லாம் வெறும் மணி அடிக்கும்.

அப்புறம் அவனுக்குக் கல்யாணம் ஆனது.

வந்தவள் பல் ஆஸ்பத்திரியில் டாக்டருக்குத் துணையாக நின்று கருவி எடுத்துக் கொடுப்பவள். வாயைத் திறந்துகொண்டு கிடக்கிறவர்கள் பக்கத்தில் நாள் முழுக்க அசையாமல் நின்று பழக்கம். அந்தப் பொறுமையோடு அவள் விளையாட உட்கார்ந்தாள். விளையாட்டில் அவளுக்கு 'சுண்டெலி' என்று பெயர். அது என் தம்பி அவளைச் செல்லமாகக் கூப்பிடுகிற பெயர் என்று எனக்குத் தெரியாமல் இருந்திருந்தால் நிம்மதியாக இருந்திருப்பேன்.

எடுபிடியில் எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக்கித் தா என்று நான் எட்டு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். "பண்றேன்க்கா, பண்றேன்க்கா." அவள் ஒரு நாள், மஞ்சள் நிறம் கண்ணைக் குத்துகிறது என்றாள். அன்று சாயந்திரமே மஞ்சள் காணாமல் போனது. எனக்குப் பிடித்த மஞ்சள்.

குறிப்பு எழுதும் யோசனையும் அவளுடையதுதான். "முன்னால போறவங்க பின்னால வர்றவங்களுக்கு ரெண்டு வரி எழுதி வெச்சிட்டுப் போனா என்ன?" என்று கேட்டாளாம். தம்பி தலைகால் புரியாமல் குதித்து, ஒரே வாரத்தில் அதைச் செய்துவிட்டான். நீங்கள் ஒரு கிரகத்தில் இறங்கினால் வரைபடத்தில் அங்கே ஒரு பச்சைப் புள்ளி விழும். அதோடு ஒரு குறிப்பும் எழுதலாம். அடுத்து யார் அங்கே வந்தாலும் எடுபிடி அதைக் காட்டும். 'இங்கே இறங்காதே, பாறை', 'இந்த நட்சத்திரம் சுடும், தள்ளி நில்', இப்படி. ஆபத்துகளை விளையாட்டும் சொல்லும்தான், ஆனால் கிரகத்தின் விவரத்தில் மூன்றாவது பக்கத்தின் மூலையில், எறும்பு மாதிரி ஓர் எண்ணாகச் சொல்லும். நாங்கள் யாரும் அதைப் பார்ப்பதை விட்டு ரொம்ப நாளாயிற்று.

யோசனை அவளுடையதாக இருக்கலாம். எழுதியதில் முதல் ஆள் நான்தான். முந்நூற்று நாற்பது குறிப்புகள், ஒன்றில்கூடப் பிழை கிடையாது. பெரியக்கா குறிப்பு போட்டால் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம் என்று கூட்டத்தில் பேச்சு. பெரியக்கா என்பது விளையாட்டில் என் பெயர்.

இப்போது தனியனைப் பற்றிச் சொல்ல வேண்டும். நட்சத்திர மண்டலத்தின் அடியில், எல்லாவற்றையும் விட்டு விலகி ஒற்றையாக நிற்கும் ஒரு நட்சத்திரம். பெயர் நானும் தம்பியும் வைத்தது. யாரும் அங்கே போனதில்லை. இருவரும் சேர்ந்து போவோம் என்று ஒரு வருஷமாகத் திட்டம். கிளம்ப வேண்டிய வாரத்தில் நகரம் முழுக்க சிக்னல் பெட்டிகளை மாற்றும் வேலை அவன் தலையில் விழுந்தது.

"நீயும் அவளும் போயிட்டு வாங்களேன்க்கா. சேர்ந்து போனா பேச்சுத் துணையாவும் இருக்கும்."

"என் வேகத்துக்கு அவளால வர முடியாது. நான் முன்னால போறேன். அவ மெதுவா வரட்டும்" என்றேன்.

அவள் மெதுவாகத்தான் வந்தாள். அதுதான் வினையாகப் போயிற்று. நான் தனியனையே குறிவைத்து நாலு கால் பாய்ச்சலில் போனேன். அவளோ வழியிலிருக்கும் ஒவ்வொரு நட்சத்திரத்திலும் நின்று, ஒவ்வொரு கிரகத்தையும் பல் பார்ப்பது போலச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். ஐந்தாவது வாரம் என் கையில் தொண்ணூறு புதிய நட்சத்திரங்கள், அவள் கையில் இருநூற்றுப் பன்னிரண்டு. ராத்திரியெல்லாம் விழித்து உட்கார்ந்து, ஒருநாள் மட்டும் பின்னால் வந்துகொண்டே என்னைவிட இரண்டு மடங்கு சேர்த்துவிட்டாள். எங்கள் இரண்டு பேருக்கும் பக்கத்தில் விண்நிலையம் கிடையாது. எல்லாவற்றையும் கலத்திலேயே சுமந்துகொண்டு போனோம்.

என் வீட்டுக்காரர் பஸ் ஓட்டுகிறவர். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, "அவ்வளவு பெரிய வானத்துல ரெண்டு பேருக்கு இடம் பத்தலையா? என் பஸ்ஸுல எழுபது பேர் நிக்கறாங்க" என்றார். அவரோடு இரண்டு நாள் பேசவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை தம்பி வீட்டுக்குச் சாப்பிடப் போனோம். மூன்றாவது மாடி, ஜன்னல் ஓரத்தில் அவள் கம்ப்யூட்டர். நான் உள்ளே நுழைந்து பையைக்கூட இறக்கி வைக்கவில்லை, "அக்கா, இவ எதையெல்லாம் கண்டுபிடிச்சிருக்கா பாரேன்!" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனான். ஊதா நிறத்தில் ஒரு கிரகம், ஓரமெல்லாம் பனி. எடுபிடியைத் திறந்தவுடன் வரும் முதல் படமாக அதையே வைத்துவிட்டான். அதற்கு முன்னால் அந்த இடத்தில் இருந்தது நான் எடுத்த படம்.

"நல்லா இருக்கு" என்றேன். நல்லாத்தான் இருந்தது.

சாப்பிட்டு முடித்துக் கை கழுவிக்கொண்டிருந்தேன். அவள் உள்ளே போய் விளையாட்டைத் திறந்திருக்கிறாள். சுவரைத் தாண்டி என் தம்பியின் குரல் கேட்டது. நிஜக் குரல் இல்லை. அவன் என் பக்கத்தில் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"சுண்டெலி, புதுசு!"

குழாயைத் திறந்தபடியே நின்றேன். எனக்குக் கொடுத்த அதே இரண்டு வார்த்தை. ஆனால் எனக்குப் பதிவு செய்தபோது அவன் கத்தினான், அவளுக்குச் சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தான். வயிறு எரிந்தது என்று பேச்சுக்குச் சொல்வார்கள், எனக்கு உண்மையிலேயே எரிந்தது. நாற்பத்தாறு வயதில், ஒரு பிளக்-இன் என்ன சொல்லிற்று என்பதற்காக ஒருத்தி அழுதால் அதைவிடக் கேவலம் இல்லை. அதனால் அழவில்லை. எனக்கு வேண்டியது நட்சத்திரமா என்ன? அவன் வாயிலிருந்து முதலில் வருகிற பெயர் என்னுடையதாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். தனியனில் என் பெயர் ஏறினால் அது நடக்கும் என்று எப்படியோ நம்பிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் திங்கட்கிழமை. மூன்றரை மணிக்குப் பறக்க உட்கார்ந்தேன். தனியனுக்கு இன்னும் எட்டு நட்சத்திரத் தாவல். "அக்கா, உயிர் இருக்கு" என்றது எடுபிடி. சாம்பல் நிறக் கிரகம், ஒரு பக்கம் முழுக்க வெளிறிய பச்சை. அந்தச் சுற்றுவட்டாரத்திலேயே செடி முளைத்த ஒரே கிரகம். வழக்கம்போல் இறக்கினேன். நான் நினைத்ததற்கு முன்னாலேயே தரை வந்து மோதியது. கிரகத்தின் ஈர்ப்பு ஐந்து மடங்கு. இழுத்த இழுப்பில் கலம் கல்லாய் விழுந்து, ஒரு பாறைமேல் தேய்ந்து, அதன் தாங்கும் சக்தி பதினொரு சதவீதத்தில் நின்றது. ஐந்து வார உழைப்பு நூலிழையில் தப்பித்தது.

கலத்தை நிமிர்த்திவிட்டுக் குறிப்புப் பெட்டியைத் திறந்தேன். 'மிக மெதுவாக இறங்கவும். ஈர்ப்பு ஐந்து மடங்கு. விழுந்தால் பிழைப்பது கடினம்.' தட்டச்சு செய்துவிட்டு, வழக்கம்போல் ஒருமுறை படித்துப் பார்த்தேன். பிழை இல்லை. அனுப்பும் பொத்தானுக்குப் பக்கத்திலேயே வரைபடம் இருந்தது. அதில் எனக்குப் பின்னால், ஒருநாள் தூரத்தில், சுண்டெலி.

அவள் இங்கே இறங்காமல் போகமாட்டாள். செடி இருக்கும் கிரகம் ஒன்றைக்கூட விட்டவள் இல்லை.

என் விரல் எழுத்துகளை ஒவ்வொன்றாக அழித்தது. ஏன் விரல்மேல் பழியைப் போடுகிறேன்? நான் அழித்தேன். அவளுக்குக் கண் இல்லையா, மூன்றாவது பக்கத்தின் மூலையில் எண் இருக்கிறதே, பார்த்துக்கொள்ளட்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கலத்தை மெல்லக் கிளப்பிக்கொண்டு மேலே போனேன். ஆபீசில் ஒரு லேபிளில் இதைச் செய்திருந்தால் அன்றே என்னை வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள், அனுப்பவும் வேண்டும்.

செவ்வாய்க்கிழமை இருமல் மருந்து லேபிள் ஒன்றை நான்கு தடவை படித்தேன், ஒன்றும் மண்டையில் ஏறவில்லை. அப்போதும் நேரம் இருந்தது. எடுபிடி போனிலும் உண்டு, அதைத் திறந்து அந்த மூன்று வரியை எழுதியிருக்கலாம். சாப்பாட்டு இடைவேளையில் போனைக் கையில் எடுக்கவும் செய்தேன். எடுபிடி திறந்ததும் அந்த ஊதாக் கிரகம் வந்தது. போனைக் கவிழ்த்து வைத்தேன்.

நாலேகாலுக்கு அவள் கூப்பிட்டாள். அன்றைக்கு அவளுக்கு விடுமுறை.

"அண்ணி..." என்றாள். மூக்கை உறிஞ்சுவது மட்டும் கேட்டது.

"என்னம்மா?"

"எல்லாம் போச்சு அண்ணி. அந்தப் பச்சைக் கிரகத்துல விழுந்துட்டேன். ஒரு செகண்டுதான். கலம் இல்ல, ஒண்ணும் இல்ல. ஆரம்பிச்ச இடத்துல கொண்டுவந்து விட்டுடுச்சு. இருநூத்திப் பதினஞ்சும் போச்சு."

இதற்காகத்தான் காத்திருந்தேன். நெஞ்சுக்குள் ஏதோ துள்ளவும் செய்தது, பொய் சொல்ல மாட்டேன். ஒரு நொடி துள்ளியது.

"அந்த ஊதாக் கிரகமுமா?" என்று கேட்டேன்.

"அதுவும்தான். அவர்கிட்ட எப்படிச் சொல்லுவேன்? அதுல என் பேரு ஏறுனதும் படத்தைப் பெருசாப் போட்டு சுவத்துல மாட்டணும்னு சொல்லிட்டு இருந்தாரு." அழுகைக்கு நடுவில் ஒரு சிரிப்பு. "என் மேலதான் தப்பு. நான் அந்த நம்பரைப் பார்த்திருக்கணும். ஆனா மேப்ல உங்க பச்சைப் புள்ளி இருந்துச்சு. நீங்க இறங்கியிருக்கீங்க, குறிப்பு ஒண்ணும் இல்ல. ஆபத்துன்னா அண்ணி எழுதாம விட்டிருக்க மாட்டாங்கன்னு நேரா இறக்கிட்டேன்."

போனை மற்றக் காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"நீங்க ஏதோ அவசரத்துல மறந்திருப்பீங்க. பரவாயில்ல அண்ணி, அதுக்கெல்லாம் மனசுல ஒண்ணும் வெச்சுக்காதீங்க. எல்லாருக்கும் வர்றதுதானே."

ஆமாம்மா, மறந்துட்டேன் என்று சொல்லியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். நாக்கு நுனிவரைக்கும் வந்துவிட்டது. ஐந்து வாரத்தைத் தொலைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறவள் எனக்கு ஆறுதல் சொல்கிறாள்! அந்த நல்ல பெயரும் அவளுக்கே போய்ச் சேர வேண்டுமா என்று ஆத்திரமாக வந்தது. நான் உண்மையைச் சொன்னது நேர்மையால் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அவள் என்னை மன்னிப்பதை என்னால் தாங்க முடியவில்லை.

"மறக்கல" என்றேன். "எழுதினேன். நீ பின்னால வர்றதைப் பார்த்துட்டு அழிச்சேன்."

மூக்கை உறிஞ்சும் சத்தம் நின்றது.

"எதுக்கு அண்ணி?"

"பொறாமை. உன் மேல."

அந்தப் பக்கம் அவள் நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுவது கேட்டது. ஜன்னலைத் திறந்தாள் போல, தெருச் சத்தம் உள்ளே வந்தது. அவள் கத்தினால் நல்லது என்று காத்திருந்தேன்.

"அவர்கிட்ட நான் சொல்ல மாட்டேன்" என்றாள் கடைசியில். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது, ஆஸ்பத்திரியில் அடுத்த ஆளைக் கூப்பிடும் குரல். "நீங்களே சொல்லிடுங்க. நான் திரும்பவும் முதல்லேர்ந்து கிளம்புவேன் அண்ணி. ஆனா இனிமே உங்க புள்ளி இருந்தாலும் சரி, உங்க குறிப்பே இருந்தாலும் சரி, அந்த நம்பரை ஒரு தடவை பார்த்துட்டுத்தான் இறங்குவேன்."

போனை வைத்துவிட்டாள்.

முதலில் குறிப்பை எழுதினேன். அதே மூன்று வரி. யார் எழுதியது, எந்தத் தேதி, எத்தனை மணி என்பதையெல்லாம் எடுபிடியே பதிந்துகொள்ளும். நான் இறங்கியது திங்கள், குறிப்பு செவ்வாய், நடுவில் சுண்டெலி நொறுங்கியது என்று பத்தொன்பது பேரும் பார்ப்பார்கள். பார்க்கட்டும். தனியனுக்கு வழி இப்போது துப்புரவாகக் காலியாக இருந்தது. எட்டுத் தாவல், போட்டிக்கு ஒரு ஆள் கிடையாது. அந்தப் பக்கம் கலத்தைத் திருப்பவே பிடிக்கவில்லை. தம்பியைக் கூப்பிட்டேன்.

"சொல்லுக்கா." ஏதோ நாற்சந்தியில் ஏணிமேல் நின்றுகொண்டிருந்தான். கீழே வண்டிகள் அலறிக்கொண்டிருந்தன.

"இறங்கி ஒரு ஓரமா நில்லு. ஒண்ணு சொல்லணும்."

"யாருக்காவது ஏதாவது..."

"யாருக்கும் ஒண்ணும் இல்ல. நீ இறங்கு."

இறங்கினான். நான் ஞாயிற்றுக்கிழமை கேட்ட குரலிலிருந்து ஆரம்பித்து, கவிழ்த்து வைத்த போன்வரைக்கும் சொன்னேன். எதையும் விடவில்லை, எதையும் மெருகேற்றவும் இல்லை. சின்ன வயதில் அவன் பேனா நிப்பை நான் உடைத்துவிட்டேன் என்பதற்காக ஒரு மாதம் என்னைத் திட்டியவன் அவன். அந்த மாதிரி ஒரு திட்டுக்காகக் காதைக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"அவ அழுதாளாக்கா?" என்று கேட்டான்.

"அழுதா."

"வீட்ல தனியாத்தானே இருக்கா?"

"ஆமா."

"சரி, நான் கிளம்பறேன்."

திட்டவில்லை. ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. பாதி வேலையில் ஏணியைப் போட்டுவிட்டு அவளிடம் ஓடிவிட்டான். அவன் அதைத்தான் செய்ய வேண்டும், நானே பார்த்து அனுப்பி வைத்ததுதான். போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெட்கத்தில் காது மடலெல்லாம் சுட்டது. அப்போதும் எனக்கு அவள்மேல் பொறாமையாக இருந்தது.